குறி பார்த்துச் சுட ஏர் ரைபிள் வாங்குவது எப்படி? கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூலூர் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று நாலா பக்கமிருந்தும் போன் வரும். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கே பேசுவதெல்லாம் 10 மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுடும் விளையாட்டைப் பற்றித்தான்.

ஏனுங்க, ஏர் ரைபிளும் தோட்டத்துல வெச்சிருக்கற ஏர்கன்னும் ஒண்ணுதானுங்களா?

இரண்டிலும் காற்றுதான் ரவையை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ளுகிறது. அந்த அளவில் ஒன்றுதான். தோட்டத்து ஏர்கன் தூரமாகவும் வேகமாகவும் அடிப்பதற்காகச் செய்தது. போட்டிக்கான ஏர் ரைபிள், அதாவது மேட்ச் ரைபிள், ஒரே ஓட்டையில் மறுபடி மறுபடி அடிப்பதற்காகச் செய்தது. அதில் வேகம் குறைவு. மீதியெல்லாம், அதாவது பேரல், ட்ரிகர், குறி பார்க்கும் சைட், தோளில் வைத்துப் பிடிக்கும், உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் ஸ்டாக் எல்லாம், வேறு தரம்.

இலக்கின் அளவைச் சொன்னால் புரியும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ. தான். அதன் நடுவில் இருக்கும் 10 மதிப்பெண் என்பது அரை மி.மீ. புள்ளி. பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி இருக்கும். நின்றுகொண்டு, எதன் மேலும் சாயாமல், அதை 60 முறை சுட வேண்டும். இந்த வேலைக்குத்தான் ரைபிள் தேடுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

லைசென்ஸ் வேணுமுங்களா?

ஆயுத விதிகள் 2016-இன்படி, ரவையின் அளவு 4.5 மி.மீ., அதாவது .177, தாண்டாமலும் சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைபிள் எல்லாமே 4.5 மி.மீ. தான், சக்தி 7.5 ஜூல் பக்கம்தான் வரும். ஆகவே கவலை இல்லை. .22 அளவு ஏர் ரைபிள் என்று யாராவது காட்டினால் அது இந்த வரம்புக்குள் வராது.

வாங்கும்போது அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து, உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

கடைக்காரர் 1000 அடி வேகம், 1200 அடி வேகம்னு சொல்றாரு. வேகம் கூட இருந்தா நல்லதுதானுங்க?

இந்த விளையாட்டுக்கு நல்லதில்லை. நானே இந்தப் பேச்சைக் கேட்டு, முதல் ரைபிளாக வேகம் மிகுந்த ஒன்றை டெலஸ்கோப்போடு வாங்கினேன். கடையில் அப்படித்தான் சொல்லி விற்றார்கள். ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். கட்டை மேல் வைத்துச் சுட்டால்கூட ஐந்து ரவை ஐந்து இடத்தில் விழும். அப்புறம் கிளப்பில் இருந்த ஒரு பழைய மேட்ச் ரைபிளை வாங்கி அரை மணி நேரம் சுட்டபோதுதான், இத்தனை நாள் நான் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தது வீண் என்று தெரிந்தது.

மேட்ச் ரைபிளில் ரவை விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும், 560 அடி பக்கம். 10 மீட்டருக்கு அது தாராளம். 1200 அடி என்பது ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது. ஈய ரவை அந்த எல்லையைக் கடக்கும்போது நிலைகுலைகிறது, குறி சிதறுகிறது. அதோடு, அவ்வளவு வேகத்துக்குப் பலமான ஸ்பிரிங் வேண்டும், பலமான ஸ்பிரிங் துப்பாக்கியையே உலுக்கும்.

ஸ்பிரிங் வாங்கறதா, சிலிண்டர் வெச்சதா?

ஸ்பிரிங் ரைபிளில் பேரலை மடக்கினால் ஸ்பிரிங் இறுகும். ட்ரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்தும், அந்தக் காற்று ரவையைத் தள்ளும். கஷ்டம் என்னவென்றால், ரவை பேரலை விட்டு வெளியே போவதற்கு முன்பே பிஸ்டனின் பாய்ச்சல் ரைபிளைப் பின்னாலும் முன்னாலும் அசைத்துவிடுகிறது. பிடியில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலும் ரவை விழும் இடம் மாறும். பழகியவர்கள் அதிலும் நன்றாகச் சுடுவார்கள். ஆனால் புதிதாகக் கற்பவருக்கு, தப்பு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்றே தெரியாது.

சிலிண்டர் ரைபிளை பி.சி.பி. என்பார்கள். முன்பே அழுத்தி அடைத்த காற்று ஒரு ரெகுலேட்டர் வழியாக ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் வரும். உலுக்கல் கிட்டத்தட்ட இல்லை. இன்று உலகப் போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது இதுதான். போட்டிக்குப் போவது என்று முடிவாகிவிட்டால் சிலிண்டர்தான். வீட்டில் பொழுதுபோக்காகச் சுட மட்டும் என்றால், மிதமான வேகமுள்ள ஸ்பிரிங் ரைபிள் போதும். காற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் மாதிரி பழைய ஜெர்மன் ஸ்பிரிங் ரைபிள்களில், சுடும்போது மேல்பாகம் முழுதும் ஒரு தண்டவாளத்தில் பின்னால் நழுவி உலுக்கலை வாங்கிக்கொள்ளும். அதே கம்பெனியின் 600 வரிசையில், பக்கத்து லீவரை ஒரே தடவை இழுத்தால் அந்த ஒரு ரவைக்கான காற்று அடைபடும். இரண்டும் இன்றைக்கும் அருமையாகச் சுடும். யாராவது நன்றாக வைத்திருந்து கொடுத்தால் விடாதீர்கள்.

எங்க மில்லு கம்ப்ரஸர்லயே சிலிண்டருக்குக் காத்துப் புடிச்சுக்கலாமுங்களா?

கணபதி, பீளமேடு, அவிநாசி ரோடு என்று பட்டறை வைத்திருக்கும் எல்லோரும் கேட்பது இது. காற்றின் அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். பட்டறைக் கம்ப்ரஸர் 8 முதல் 10 பார் வரை தரும். ரைபிள் சிலிண்டருக்கு வேண்டியது 200 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே முடியாது.

வழி மூன்று. ஒன்று, மூன்று கட்டமாக அழுத்தும் கைப்பம்பு. வேர்வை சிந்தும், ஆனால் யாரையும் நம்ப வேண்டாம். விட்டு விட்டு அடித்து, பம்பு ஆற நேரம் கொடுங்கள். சூடாக அடித்தால் காற்றின் ஈரமும் உள்ளே போகும். இரண்டு, 300 பார் தரும் சின்ன மின் கம்ப்ரஸர். மூன்று, கிளப்பில் இருக்கும் பெரிய சிலிண்டரிலிருந்து அடாப்டர் போட்டு நிரப்புவது. ஒரு தடவை நிரப்பினால் பல நூறு ரவை சுடலாம் என்பதால், வாரம் ஒருமுறை கிளப்புக்கு வருகிறவருக்கு மூன்றாவதே போதும். எந்த வழியானாலும் சிலிண்டரில் பொறித்திருக்கும் அழுத்தத்துக்கு மேலே ஏற்றக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெல்டிங் பட்டறையில் இருக்கிறதே என்று ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனோடு துளி கிரீஸ் சேர்ந்தாலே தீப்பிடித்து வெடிக்கும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் அது.

எந்தக் கம்பெனி நல்லதுங்க?

உலகப் போட்டிகளில் அதிகம் பார்ப்பது ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர், இத்தாலியின் பர்தினி. வால்தர் எல்.ஜி. 400, ஃபைன்வெர்க்பாவ் 800 என்று பெயர் சொல்லியே கேட்டு வருகிறார்கள். இவற்றுக்குள் எது சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. எல்லாமே நாம் பிடிப்பதைவிட நன்றாகச் சுடும். உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் எது பொருந்துகிறதோ, எதற்கு உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் ஆளும் எட்டும் தூரத்தில் கிடைக்கிறதோ, அது. விலை லட்சங்களில் என்பதால் முதல் வருடமே அங்கே போக வேண்டாம். தேசிய அளவில் தகுதி பெற்றவர்களுக்கு இறக்குமதியில் சலுகை உண்டு. அந்த நிலைக்கு வந்தபின் கிளப் மூலம் கேட்கலாம்.

இந்தியாவிலேயே பிரிசிஹோல் போன்ற கம்பெனிகள் ஸ்பிரிங், சிலிண்டர் இரண்டும் செய்கின்றன. ஆரம்பிப்பவருக்கு இவை நியாயமான தேர்வு. கம்பெனிப் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், அடுத்த கேள்வியில் சொல்கிற மாதிரி சுட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி இரண்டு மாதிரி இருக்கும்.

சுட்டுப் பார்த்து வாங்குன்னு சொல்றீங்க. எதைப் பார்க்கோணும்?

முதலில் குரூப். மேஜையில் மணல் மூட்டை போட்டு, ரைபிளை அதன் மேல் வைத்து, 10 மீட்டரில் ஒரே இலக்கில் பத்து ரவை சுடுங்கள். எங்கே விழுகிறது என்பது இப்போது முக்கியமில்லை, சைட்டைத் திருகி நகர்த்திக்கொள்ளலாம். எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள்.

கணக்கு எளிது. ரவை 4.5 மி.மீ., 10-இன் புள்ளி 0.5 மி.மீ. ரவையின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே 10 கிடைக்கும். அப்படியானால் ரவையின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். பத்து ரவையும் சேர்ந்து போடும் ஓட்டை, விளிம்புக்கு விளிம்பு 9.5 மி.மீ.க்குள் இருந்தால் அந்த ரைபிள் எல்லாவற்றையும் 10-இல் போட வல்லது. திருப்பூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்கிறேன்: 15 லைன் பொத்தானை, அதாவது அதே 9.5 மி.மீ. அளவுள்ள பொத்தானை, வைத்தால் ஓட்டை மறைய வேண்டும். நல்ல மேட்ச் ரைபிள் இதைவிட மிக நெருக்கமாக, ரவையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரே ஓட்டையாகப் போடும். பொத்தானுக்கு வெளியே இரண்டு மூன்று போனால், ரவையை மாற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் போனால் வேண்டாம்.

இரண்டாவது ட்ரிகர். பலர் பேரலைப் பற்றியே பேசுவார்கள். என் அனுபவத்தில் ட்ரிகர்தான் ஆளை உயர்த்தும், ஆளைக் கெடுக்கும். சாதாரண ஏர்கன் ட்ரிகரை இழுக்க ஒன்று, ஒன்றரை கிலோ விசை வேண்டும். நாலரைக் கிலோ ரைபிளை விரலால் ஒன்றரைக் கிலோ இழுத்தால் அது அசையாமல் என்ன செய்யும்? மேட்ச் ட்ரிகர் 100 கிராம் பக்கம் இருக்கும், இன்னும் குறைத்தும் வைப்பார்கள். இரண்டு கட்டம் இருக்க வேண்டும்: முதல் கட்டம் லேசாக வந்து ஒரு சுவரில் நிற்கும், அங்கிருந்து கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விட வேண்டும். சொரசொரவென்று நகர்ந்து நகர்ந்து விட்டால் சரியில்லை.

மூன்றாவது, ரவையில்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் வசதி. மேட்ச் ரைபிள்களில் இது இருக்கும். வீட்டில் வெறும் சுவரைப் பார்த்து தினம் இருபது நிமிடம் பழகுவது இதனால்தான் முடிகிறது. ஸ்பிரிங் ரைபிளில் ரவை இல்லாமல் சுட்டால் பிஸ்டன் சீல் கெடும், செய்யாதீர்கள்.

பையனுக்கு 11 வயசு. வளர்ற பையன், பெருசாவே வாங்கிட்டா ஆகாதுங்களா?

பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இதை வாங்க முடியாது, அண்ணா. ரைபிள் நீளமாக இருந்தால் பையன் உடம்பைப் பின்னால் வளைத்துச் சமாளிப்பான். அந்த வளைவு இடுப்பில் பழக்கமாகிவிடும், முதுகு வலியும் வரும். பிறகு திருத்த இரண்டு மடங்கு நாள் ஆகும். விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது மேல் வரம்புதான். சிறுவர்களுக்கு மூன்றரை, நாலு கிலோவே போதும்.

தோளில் பதியும் பட் பிளேட்டை முன்பின் நகர்த்த முடிகிறதா, கன்னக் கட்டையை உயர்த்தித் தாழ்த்த முடிகிறதா என்று பாருங்கள். பையன் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கட்டும். கழுத்தை நீட்டாமல், குனியாமல், பின் சைட் ஓட்டைக்கு நேராகக் கண் இருந்தால் பொருந்துகிறது. அலுமினிய ஸ்டாக்கில் இந்த மாற்றங்கள் அதிகம் செய்யலாம், ஆகவே வளரும் பிள்ளைகளுக்கு அது உதவும். வால்தர், அன்ஷுட்ஸ் எல்லாம் சிறுவர் மாடலே செய்கிறார்கள். ஆனால் முதல் ஆறு மாதம் கிளப் ரைபிளில் சுடட்டும். அவனுக்கு நிற்க ஆசை இருக்கிறதா என்று முதலில் தெரியட்டும்.

என்ற பொண்ணு வலது கை. ஆனா இடது கண்ணுலதான் நல்லாத் தெரியுதுங்குது. எந்தப் பக்க ரைபிள் வாங்கறது?

வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு பொருளை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணில் பொருள் நகராமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண்.

புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளைக்கு, ஆளும் கண் பக்கமே தோள் மாற்றுவது எளிது என்பது என் கருத்து. ஓரிரு மாதத்தில் கை பழகிவிடும். ஏற்கெனவே வலப்பக்கம் நன்றாகப் பழகியவர் என்றால், பின் சைட்டில் ஒரு மறைப்பட்டை மாட்டி இடக்கண்ணை மறைத்துக்கொண்டால் போதும்.

டெலஸ்கோப் வெச்சா இன்னும் நல்லாத் தெரியுமில்லீங்க?

தெரியும், ஆனால் 10 மீட்டர் போட்டியில் அனுமதி இல்லை. பின்னால் ஊசித்துளை போன்ற பீப் சைட், முன்னால் ஒரு வளையம். வளையத்துக்கு நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை. அவ்வளவுதான். கண் முன் வளையத்தைக் கூர்மையாகப் பார்க்க வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கண் மருத்துவரிடம் ரைபிளின் முன் சைட் இருக்கும் தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஓபன் சைட்டுக்கு, அதாவது பீப் துளை இல்லாத சாதாரண சைட்டுக்கு, தனிப் பிரிவு உண்டு. கையில் சாதாரண ரைபிள் மட்டும் இருப்பவர்கள் அதில் ஆரம்பிக்கலாம்.

பழசு ஒண்ணு வருதுங்க, பாதி விலை. வாங்கலாமா?

வாங்கலாம். நல்ல மேட்ச் ரைபிள் இருபது வருடத்திலும் குறி தப்பாது. ஆனால் சிலிண்டரைப் பாருங்கள். அதில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருடம்தான் அதன் காலம். போட்டியில் காலம் கடந்த சிலிண்டரோடு வந்தால் பொறுப்பு சுடுபவருடையது. பழைய மாடலுக்குப் புது சிலிண்டர் கிடைக்குமா என்று விசாரித்து, அந்த விலையையும் கூட்டிப் பார்த்தபின் பாதி விலை பாதிதானா என்று முடிவு செய்யுங்கள்.

காற்று நிரப்பி, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு. பின் சைட் திருகியை ஒரு பக்கம் பத்து கிளிக், மறு பக்கம் பத்து கிளிக் திருப்பினால் ரவை பழைய இடத்துக்கே வர வேண்டும். பேரலின் வாய் விளிம்பில் தட்டுப்பட்ட வடு இருக்கக் கூடாது. பில், குரூப், ட்ரிகர் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

ரவை எதுங்க வாங்கறது? கடையில முனை கூரா இருக்கறதைக் குடுக்கறாங்கொ.

முனை தட்டையாக இருப்பதை வாங்குங்கள். அது காகிதத்தில் பஞ்ச் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், மதிப்பெண் தெளிவாகத் தெரியும். ரைபிளுக்குப் பொதுவாக 0.53 கிராம் எடை. ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. எல்லாம் மேட்ச் ரவை செய்கின்றன. டப்பாவில் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். எந்த அளவு உங்கள் பேரலுக்குப் பிடிக்கும் என்பதைப் பொத்தான் சோதனைதான் சொல்லும். பிடித்தது தெரிந்ததும் அதே லாட் எண்ணில் நான்கைந்து டப்பா சேர்த்து வாங்குங்கள்.

தினம் 60 சுட்டால் 500 டப்பா எட்டு நாளில் தீரும். வருடம் 300 நாள் என்றால் 18,000 ரவை, 36 டப்பா. ரைபிளுக்குப் பணம் ஒதுக்கும்போதே இதையும் ஒதுக்குங்கள். ரைபிளில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு மட்டமான ரவை சுடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பழக மலிவான தட்டை முனை, போட்டிக்கு நல்லது என்று பிரித்துக்கொள்வதில் தப்பில்லை.

தோப்புல எடம் நெறைய இருக்குது. அங்கயே ரேஞ்ச் போட்டுக்கறேன், ஆகுமுங்களா?

பொள்ளாச்சிக்காரர் கேட்டார். இடம் இருப்பது பாக்கியம்தான், ஆனால் வெட்டவெளியில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். அரை கிராம் ரவை அதில் நகரும். பையன் நகர்வதைத் தன் தப்பு என்று நினைத்து சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பான். தேங்காய்க் குடோனோ பழைய ஆலைக் கொட்டகையோ, 12 மீட்டர் நீளம் இருந்தால் போதும். சுடும் கோட்டிலிருந்து இலக்கு 10 மீட்டர், இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். இலக்கின் மேல் நல்ல வெளிச்சம் விழ வேண்டும். போட்டி விதி 1,500 லக்ஸ் கேட்கிறது.

இலக்குக்குப் பின்னால் தகரப் பெட்டி செய்து, உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடைச் சாய்வாக வையுங்கள். ரவை பட்டுக் கீழே விழும். நேராக வைத்தால் திரும்பி வரும். திருப்பூரில் ஒருவர் மரப்பெட்டியில் கட்டிங் வேஸ்ட் துணியை இறுக்கி அடைத்து, பின்னால் தகடு வைத்திருக்கிறார். சத்தமே இல்லை, அருமையான யோசனை. பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால், பெட்டியைத் தவறவிட்ட ரவையின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். சுடும் இடத்துக்கு முன்னால் கதவோ ஜன்னலோ இருந்தால் பூட்டிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நம்மகிட்ட லேத்தும் சி.என்.சி.யும் இருக்குதுங்க. பேரலோ ஸ்பிரிங்கோ நாமளே பண்ணிக்கலாமா?

கோவை ஆட்களின் கை வேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உரிமம் இல்லாமல் பேரல் செய்வதோ, சக்தியைக் கூட்டுவதோ சட்டத்துக்கு விரோதம். 20 ஜூல் தாண்டினால் லைசென்ஸ் கேள்வியில் சொன்ன விலக்கே போய்விடும்.

செய்ய வேண்டியது வேறு நிறைய இருக்கிறது. சாய்வுத் தகடு வைத்த ரவைப் பெட்டி, ரைபிள் ஸ்டாண்ட், பட் பிளேட்டுக்கு இடைத்தகடு, பேரலில் மாட்டும் எடை வளையம். எங்கள் கிளப்பில் பாதிச் சாமான் இப்படி வந்ததுதான். எடை சேர்க்கும்போது மொத்தம் 5.5 கிலோ தாண்டக் கூடாது என்பதை மட்டும் பாருங்கள்.

ஜாக்கெட் போட்டாத்தான் சுட முடியுமா? திருப்பூர்ல தைச்சுக்கலாமுங்களா?

முதல் சில மாதம் வேண்டாம். உடம்பு தானாக நிற்கப் பழகட்டும். பிறகு வேண்டும், கெட்டியான கேன்வாஸ் ஜாக்கெட் முதுகுக்கும் இடுப்புக்கும் தாங்கல். தைக்கலாம், ஆனால் விதிக்குள் தைக்க வேண்டும்: துணி ஒற்றையாக 2.5 மி.மீ., மடித்து 5 மி.மீ.க்கு மேல் தடிமன் கூடாது, விறைப்புக்கும் அளவு உண்டு. போட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். அளவு தெரியாத தையல்காரரிடம் கொடுத்து, போட்டி நாளில் கழற்ற வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மயிலு வந்து காட்டைச் சீரழிக்குதுங்க. இதுல ரெண்டு தட்டுத் தட்டலாமா?

கூடாது. விதைத்ததை மயில் கொத்திப் போகும் வேதனை எனக்கும் தெரியும், எங்கள் காட்டிலும் நடக்கிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் சிறை. லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி என்பது அதற்குச் சாக்கு ஆகாது. புறாவோ கொக்கோ குரங்கோ எதுவானாலும் உயிரின் மேல் இதைத் திருப்ப வேண்டாம். அந்த எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு நான் ரைபிள் சொல்லித் தருவதில்லை.

ரவை ஈயமாச்சே, பிள்ளைக கையில படலாமா?

சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவாமல் தின்பண்டம் தொடக் கூடாது, ரவையை வாயில் வைக்கவே கூடாது. விழுந்த ரவையைத் துடைப்பத்தால் தூசி பறக்கக் கூட்டாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

காந்திபுரத்துல இருந்து பஸ்ல எடுத்துட்டு வரலாமுங்களா?

பெட்டியில் வைத்து மூடி, பில் நகலும் கிளப் அட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே ரவை இருக்கக் கூடாது; பேரல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி அதில் செருகியிருக்க வேண்டும். வெறும் கையில் தோளில் மாட்டி வந்தால் பார்க்கிறவர்கள் பயப்படுவது நியாயம். விமானத்தில் என்றால் சிலிண்டரைக் காலி செய்து கழற்ற வேண்டும். வீட்டில் ரைபிள் ஒரு பூட்டில், ரவை இன்னொரு பூட்டில்.

நம்ம பக்கத்துல இருந்தெல்லாம் இதுல மேலே வர முடியுமா?

ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வாங்கினார். உலகப் போட்டிகளில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். இருவரும் வளர்ந்தது வெளி மாநிலங்களில், அது உண்மை. இங்கே இப்போது கிளப் இருக்கிறது, கோச் இருக்கிறார்கள். 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற கடைசி ரவை 10.8. இறுதிச் சுற்றில் 10-க்குள்ளும் தசமத்தில் அளப்பார்கள், அதிகபட்சமே 10.9. அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ரெண்டு வருசமாச்சு, ஸ்கோரு ஒரே எடத்துல நிக்குது. பெரிய ரைபிளுக்கு மாத்திடட்டுங்களா?

மாற்றும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் ரைபிளை மணல் மூட்டையில் வைத்துப் பத்து ரவை சுடுங்கள். பொத்தானுக்குள் வந்தால் பேரலும் ரவையும் சரி. அடுத்து, உங்களைவிட நன்றாகச் சுடுகிற ஒருவரிடம் அதே ரைபிளைக் கொடுத்து நின்று இருபது ரவை சுடச் சொல்லுங்கள். உயரம் ஒத்தவராக இருந்தால் நல்லது. அவருக்கு அவர் வழக்கமான ஸ்கோர் வந்தால் ரைபிளில் குறையில்லை. மூன்றாவது, கிளப்பிலோ நண்பரிடமோ ஒரு மேட்ச் ரைபிளை இரண்டு வாரம் கேட்டு வாங்கி, உங்களுக்கேற்ப ஸ்டாக்கைச் சரிசெய்து சுடுங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். புது ரைபிளில் முதல் நாள் எல்லோருக்குமே கொஞ்சம் ஏறும், மூன்றாம் நாள் இறங்கும்.

இரண்டு வாரச் சராசரி உண்மையிலேயே ஏறியிருந்தால் மாற்றுங்கள், தயங்க வேண்டாம். ஏறவில்லை என்றால் அந்தப் பணத்தில் ஒரு வருட ரவையும், சரியாகத் தைத்த ஜாக்கெட்டும், கோச் கட்டணமும் அடங்கும். சோதனை இலக்குக் காகிதங்களைத் தேதி போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.